மூட்டின் உட்சவ்வும் காலத்தே செய்யும் சிகிச்சையும்

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தை ஒட்டி நடைபெற்ற மருத்துவ விழிப்புணர்வு அமர்வில், நம் முஹல்லாவைச் சார்ந்த எலும்பு மூட்டு அறுவை மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)

     

மூட்டு வலி பற்றிப் பேசுமாறு நிர்வாகக் குழுவினர் என்னைப் பணித்தார்கள். அது கடல் போன்ற பொருள். கொடுக்கப்பட்ட நேரத்திற்குள் எல்லாவற்றையும் தொட்டுச் செல்வதைவிட, பலரும் அறியாத ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு விளக்குவது பயனுடையதாக இருக்கும் என்று கருதுகிறேன்.

நம் பள்ளிவாசலின் கடைசி வரிசையைப் பாருங்கள். முன்பெல்லாம் அங்கே இரண்டு அல்லது மூன்று நாற்காலிகள் இருக்கும். இப்போது வரிசை நிறைய நாற்காலிகள். நாற்காலியில் அமர்ந்து தொழுவது பற்றிய சட்டத்தை ஆலிம்கள் சொல்வார்கள். அது என் துறையன்று. அவ்வரிசையில் இருப்பவர்களுள் பெரும்பாலோர் வயது முதிர்ந்தவர்கள். அவர்களுடைய மூட்டு தேய்ந்திருக்கிறது. ஆனால் சில வேளைகளில் நாற்பது வயதைத் தாண்டாத ஒருவரும் அங்கே வந்து அமர்கிறார். கேட்டால், “முழங்கால் வீங்கியிருக்கிறது, மடக்க முடியவில்லை, வாதம்தான்” என்கிறார். அவருடைய மூட்டு தேய்ந்துபோய் இராது. மூட்டின் உள்ளே இருக்கும் சவ்வு தடித்து வளர்ந்திருக்கக் கூடும். அச்சவ்வைப் பற்றியும், அதை அகற்றும் அறுவை சிகிச்சையைப் பற்றியுமே இன்று பேசப் போகிறேன்.

மூட்டுக்குள் ஒரு மெல்லிய சவ்வு

இரண்டு எலும்புகள் கூடும் இடமே மூட்டு. எலும்பு முனைகளின் மீது வழவழப்பான குருத்தெலும்பு போர்த்தப்பட்டுள்ளது. மூட்டு முழுவதையும் ஓர் உறை, பை போலச் சூழ்ந்திருக்கிறது. அந்த உறையின் உட்புறத்தில் படிந்திருக்கும் மெல்லிய சவ்வுக்கு சைனோவியம் என்பது மருத்துவப் பெயர். நாம் அதனை உட்சவ்வு என்போம். அதன் மேற்படலம் ஒன்று முதல் மூன்று உயிரணுக்கள் அளவே கனம் உடையது. விரல்களை அசைக்கும் தசைநாண்கள் மணிக்கட்டைக் கடந்து செல்லும் இடத்தில், அவற்றைச் சுற்றியும் இதே சவ்வு உறை போல அமைந்திருக்கிறது.

இச்சவ்வு ஒருவகை நீரைச் சுரக்கிறது. 16ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பாராசெல்சஸ் என்னும் சுவிஸ் மருத்துவர் சூட்டிய பெயரிலிருந்தே சைனோவியம் என்ற சொல் வந்தது. முட்டையின் வெண்கருவைப் போலக் குழகுழப்பாக இருக்கும் அந்நீர், வண்டி அச்சுக்கு மசகு போல மூட்டுக்கு உதவுகிறது. குருத்தெலும்புக்கு இரத்தக் குழாய் கிடையாது. ஆகவே அதற்குரிய ஊட்டமும் இந்த நீரின் வழியாகத்தான் செல்கிறது. நல்ல நிலையில் உள்ள முழங்கால் மூட்டில் இந்நீர் சில மில்லிலிட்டர் அளவே இருக்கும்.

இவ்வளவு பணிவாகத் தொண்டு செய்யும் சவ்வு, நோயுற்றால் எதிரியாகிவிடுகிறது. அது தடிக்கிறது, விரல் விரலாக, பாசி போல வளர்கிறது, நீரை அளவின்றிச் சுரக்கிறது. முழங்காலிலிருந்து ஐம்பது மில்லிலிட்டருக்கும் மேற்பட்ட நீரை ஊசியில் எடுப்பதை நாங்கள் அன்றாடம் காண்கிறோம். நீர் கோத்தலோடு இது நிற்பதில்லை. வளர்ந்த சவ்வு குருத்தெலும்பின் மீது படர்ந்து அதனை அரிக்கத் தொடங்குகிறது. குருத்தெலும்பு ஒருமுறை அழிந்தால் பழையபடி வளராது. இன்றைய உரையில் நீங்கள் நினைவில் கொள்ள வேண்டிய முதற்செய்தி இதுவே.

சவ்வு வளர்வது எதனால்?

முதலாவது காரணம், முடக்குவாதம் என்று நாம் அழைக்கும் ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ். உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றல், தன் மூட்டுச் சவ்வையே பகையாகக் கருதித் தாக்கும் நோய் இது. பெரியவர்களில் நூற்றுக்கு ஒருவர் அல்லது அதற்குச் சற்றுக் குறைவானோரை இது பாதிக்கிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு மிகுதியாக வருகிறது. இந்நோயில் குருத்தெலும்பின் மீது படரும் சவ்வுக்குப் பன்னஸ் என்று பெயர். துணி என்று பொருள்படும் இலத்தீன் சொல் அது. ஈரத்துணி ஒட்டிக்கொள்வதைப் போல எலும்பு முனையில் ஒட்டிக்கொண்டு, ஓரங்களில் இருந்து அரித்து உள்ளே செல்லும்.

இரண்டாவது, ஹீமோபிலியா என்னும் இரத்தம் உறையாத பிறவி நோய். தாயின் வழியாக ஆண் பிள்ளைகளுக்கு வருவது. இந்நோய் உள்ள சிறுவனுக்கு அடிபடாமலேயே முழங்காலிலோ கணுக்காலிலோ முழங்கையிலோ இரத்தம் கசியும். அந்த இரத்தத்தில் உள்ள இரும்புச் சத்து சவ்வில் படிந்து அதைத் தடிக்கச் செய்கிறது. தடித்த சவ்வில் புதிய இரத்தக் குழாய்கள் மிகுதி. ஆகவே அது மீண்டும் எளிதில் கசிகிறது. கசிவதால் தடிப்பு, தடிப்பதால் கசிவு என்று இச்சுழல் நிற்பதே இல்லை.

இந்நோயைப் பற்றி நாம் பெருமிதத்தோடு நினைவுகூர வேண்டிய செய்தி ஒன்று உண்டு. சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் ஸ்பெயின் நாட்டுக் குர்துபா நகரில் வாழ்ந்த அறுவை மருத்துவர் அபுல் காசிம் அஸ்ஸஹ்ராவி, ஒரு குடும்பத்தின் ஆண் மக்கள் சிறு காயத்திற்கும் இரத்தம் நில்லாமல் இறந்துபோவதைத் தம் ‘அத்தஸ்ரீஃப்’ நூலில் பதிவு செய்தார். ஹீமோபிலியாவைப் பற்றிய மிகப் பழைய மருத்துவக் குறிப்புகளுள் அது ஒன்று. பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கத்னா செய்த பிறகு குழந்தைக்கு இரத்தம் வழக்கத்திற்கு மாறாக நீண்ட நேரம் நில்லாதிருந்தாலோ, தாய்வழியில் அத்தகைய ஆண் பிள்ளைகள் இருந்தாலோ, அதை மறைக்காதீர்கள். அவ்வாறான குடும்பங்களில் கத்னாவுக்கு முன்பே இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

மூன்றாவது, பலரும் பெயரையே கேட்டிராத ஒன்று. சவ்வு எவ்விதத் தொற்றும் இன்றிக் கட்டி போல வளர்வது. 1941ஆம் ஆண்டில் ஜாஃபி, லிக்டென்ஸ்டீன், சுட்ரோ ஆகிய மூவர் இதற்கு நிறமேறிய முடிச்சுச் சவ்வழற்சி என்று பொருள்படும் நீண்ட பெயரைச் சூட்டினர். இது புற்றுநோய் அன்று. ஆயினும் எடுத்த இடத்திலேயே மீண்டும் வளரும் இயல்புடையது. பெரும்பாலும் முழங்காலில், இளமையிலும் நடுவயதிலும் வருகிறது.

நான்காவது, காசநோய். நுரையீரலில் மட்டுமே இது வரும் என்று எண்ணிவிடக் கூடாது. மூட்டுச் சவ்விலும் காசநோய்க் கிருமி குடியேறும்.

என் தாயாரின் வலக்கை

இந்த இடத்தில் என் சொந்த வாழ்வில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்ல வேண்டியவனாக இருக்கிறேன். இதுவரை எந்த மேடையிலும் இதைச் சொன்னதில்லை.

நான் மருத்துவக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு பயின்றுகொண்டிருந்த காலம். விடுமுறைக்கு வீடு வந்தபோது, என் தாயாரின் வலது மணிக்கட்டின் புறப்பகுதியில் ஒரு வீக்கத்தைக் கண்டேன். தொட்டால் மெத்தென்று இருந்தது. காலையில் எழுந்தால் ஒரு மணி நேரத்திற்கு விரல்களை மடக்க முடியவில்லை என்றும், மாவு பிசைவது சிரமமாக இருக்கிறது என்றும் சொன்னார்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? பாடப் புத்தகத்தைப் புரட்டவில்லை; என் ஆசிரியர்களிடம் கேட்கவில்லை. “வாதமாக இருக்கும், தைலம் தேயுங்கள் அம்மா” என்று சொல்லிவிட்டு விடுதிக்குத் திரும்பிவிட்டேன். மருத்துவம் படிக்கும் மகன் சொன்ன சொல்லாயிற்றே! அவர்கள் அதன் பிறகு வேறு எவரிடமும் கேட்கவில்லை. இரண்டு ஆண்டுகள் தைலம் தேய்த்தார்கள்.

ஒரு நாள் மதிய உணவு பரிமாறும்போது அவர்களுடைய சுண்டுவிரலும் மோதிர விரலும் மடங்கியபடியே நின்றன, நிமிரவில்லை. வலியும் இல்லை. “விரல் தூங்கிப் போச்சு போல தம்பி” என்று சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அதற்குள் இறுதியாண்டை எட்டியிருந்த எனக்கு அது இன்னதென்று விளங்கிவிட்டது.

மணிக்கட்டில் தசைநாண்களைச் சூழ்ந்திருந்த சவ்வு முடக்குவாதத்தால் தடித்து, அந்த நாண்களை அரித்திருக்கிறது. அரிப்புற்ற எலும்பின் சொரசொரப்பான விளிம்பிலும் அவை உரசியிருக்கின்றன. கிணற்றுக் கயிறு ஓரிடத்தில் உரசி உரசி நைந்து, ஒரு நாள் அறுந்து விழுவதைப் போல, சுண்டுவிரலை நிமிர்த்தும் நாண் அறுந்தது. அடுத்து மோதிர விரலின் நாண். விட்டிருந்தால் நடுவிரலும் அதே வழியில் சென்றிருக்கும். சுண்டுவிரலில் தொடங்கி வரிசையாக அறுவது இந்நோயின் வழக்கம்.

அறுவை மருத்துவர் தடித்த சவ்வை அகற்றினார். உரசிய எலும்பு முனையைச் சீர் செய்தார். வேறொரு நாணைக் கொண்டுவந்து விரல்களோடு இணைத்தார். விரல்கள் நிமிர்ந்தன. ஆனால் பழைய வலு திரும்பவில்லை. அவர் கடிந்து பேசாமல் என்னிடம் சொன்னார்: “இரண்டு ஆண்டுகளுக்கு முன் மாத்திரையைத் தொடங்கியிருந்தால் இந்த அறுவையே தேவைப்பட்டிராது. ஓராண்டுக்கு முன் சவ்வை மட்டும் எடுத்திருந்தாலும் நாண்கள் அறுந்திரா.” என் தாயார் இன்று நம்மோடு இல்லை. அந்த இரண்டு வாக்கியங்கள் என்னோடு இருக்கின்றன. நான் இத்துறையைத் தேர்ந்தெடுத்ததற்கு வேறு காரணம் சொல்லத் தேவையில்லை.

கத்தி முந்தியது, மருந்து பிந்தியது

சவ்வை அகற்றும் அறுவைக்கு சைனோவெக்டமி என்று பெயர். ஜெர்மனியைச் சேர்ந்த ரிச்சர்ட் ஃபான் ஃபோல்க்மன் 1877ஆம் ஆண்டில் காசநோயுற்ற முழங்காலில் இதனைச் செய்தார் என்பது வரலாறு. காசநோய்க் கிருமியையே ராபர்ட் கோக் 1882இல்தான் கண்டறிந்து அறிவித்தார். நோயின் காரணம் தெரியாத காலத்தில், கண்ணுக்குத் தெரிந்த கெட்ட சதையை எடுப்பது ஒன்றே வழியாக இருந்தது. 1940களில் ஸ்ட்ரெப்டோமைசினும் பின்னர் பிற மருந்துகளும் வந்தபோது, காசநோய் மூட்டுக்குக் கத்தியின் தேவை வெகுவாகக் குறைந்தது.

முடக்குவாதத்திலும் இதே கதைதான். 20ஆம் நூற்றாண்டில் பல்லாயிரம் நோயாளிகளுக்குச் சவ்வு அகற்றப்பட்டது. பின்னர் மெத்தோட்ரெக்ஸேட் என்னும் மாத்திரை வந்தது. இம்மருந்து உருவான வரலாற்றில் நம் சென்னைக்கும் ஒரு பங்குண்டு. பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று, அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகத சுப்பாராவ் அவர்களின் ஆய்வுக் குழுவே 1940களில் அமினோப்டெரின், மெத்தோட்ரெக்ஸேட் ஆகியவற்றை உருவாக்கியது. இரத்தப் புற்றுநோய்க்கென உருவான இவ்வகை மருந்தை முடக்குவாதத்திற்கு முதன்முதலில் 1951இல் குப்னர் என்பவர் கொடுத்துப் பார்த்தார். 1988இல் அமெரிக்க அரசு மெத்தோட்ரெக்ஸேட்டை இந்நோய்க்கு அங்கீகரித்தது. 1990களின் இறுதியில் உயிரியல் ஊசி மருந்துகளும் வந்தன. இன்று தொடக்கத்திலேயே சிகிச்சை பெறும் முடக்குவாத நோயாளிகளில் சவ்வை அகற்ற வேண்டியவர்கள் மிகச் சிலரே.

இவ்வரலாறு நமக்குச் சொல்லும் பாடம் தெளிவானது. மருந்து நன்றாக வேலை செய்யும் இடத்தில் கத்தி ஒதுங்கி நிற்கிறது. மருந்துக்குரிய காலத்தைத் தவறவிட்டவருக்கே கத்தி மிகுதியாகத் தேவைப்படுகிறது. கத்திக்குரிய காலத்தையும் தவறவிட்டவருக்குச் செயற்கை மூட்டுதான் மிச்சம்.

எப்போது அறுவை தேவை?

முடக்குவாதத்தில், முறையாக ஆறு மாத அளவு மருந்து உட்கொண்டும் ஒரு குறிப்பிட்ட மூட்டு மட்டும் அடங்காமல் வீங்கியே இருந்து, எக்ஸ்ரேயில் குருத்தெலும்பு இன்னும் அழியாமல் இருந்தால், சவ்வை அகற்றுவது பற்றி எண்ணிப் பார்க்கலாம். மணிக்கட்டில் நாண்கள் அறும் அபாயம் இருந்தால் அதிகம் காத்திருக்கக் கூடாது. கட்டி போல வளரும் மூன்றாம் வகையில் இன்றும் அறுவையே முதன்மையான சிகிச்சை. மூட்டு முழுவதும் அழிந்த பிறகு சவ்வை மட்டும் எடுப்பதால் பயன் சிறிதே.

இதில் ஒரு செய்தியைக் கவனியுங்கள். எக்ஸ்ரேயில் எலும்புதான் தெரியும், சவ்வு தெரியாது. “எக்ஸ்ரே நன்றாக இருக்கிறதாம், ஒன்றும் இல்லையாம்” என்று வீக்கத்தோடு திரும்பி வருபவர்கள் பலர். எக்ஸ்ரே நன்றாக இருக்கும்போதுதான் மூட்டைக் காப்பாற்றும் வாய்ப்பு மிகுதி. அல்ட்ராசவுண்ட், எம்.ஆர்.ஐ. ஆகியவை சவ்வைக் காட்டும்.

வளைகுடா நாட்டில் பணியாற்றிய இளைஞர் ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் வந்தார். முழங்கால் அவ்வப்போது வீங்கும். அங்கே நீரை எடுப்பார்கள். விடுப்பு எடுத்தால் சம்பளம் போய்விடும் என்று மீண்டும் வேலைக்குச் செல்வார். இப்படியே நான்கு ஆண்டுகள். நான் எடுத்த நீர் துரு கலந்த செந்நிறத்தில் இருந்தது. எம்.ஆர்.ஐ. பார்த்தபோது, கட்டி போல் வளரும் அந்த மூன்றாம் வகைதான் என்பது தெரிந்தது. சதைப் பரிசோதனை அதை உறுதி செய்தது. மூட்டின் முன்பகுதியைத் துளை வழியாகவும், பின்பகுதியைத் திறந்தும் சவ்வை அகற்றினோம். எலும்பில் ஓரிடத்தில் அரிப்பு தொடங்கியிருந்தது. இப்போது நடக்கிறார், வேலை செய்கிறார். எனினும் மீண்டும் வளர்கிறதா என்று ஆண்டுதோறும் பார்த்துக்கொள்ள வேண்டியவராக இருக்கிறார். இவ்வகைக்கு 2019இலும் 2025இலும் அமெரிக்காவில் இரண்டு மாத்திரை மருந்துகள் அங்கீகாரம் பெற்றுள்ளன. அறுவையால் சீராக்க இயலாதவர்களுக்கே அவை உரியன. அவற்றுள் முதலாவது ஈரலைப் பாதிக்கக் கூடியது என்பதால் அதற்குக் கடும் கண்காணிப்பு விதிக்கப்பட்டது.

அறுவை எவ்வாறு செய்யப்படுகிறது?

முற்காலத்தில் மூட்டைப் பெரிதாகத் திறந்தே சவ்வை எடுத்தார்கள். மூட்டு இறுகிவிடுவது வழக்கம். இந்நிலையை மாற்றியது ஆர்த்ராஸ்கோபி என்னும் மூட்டு உள்நோக்கி. 1918இல் தோக்கியோவில் கென்ஜி தகாகி என்பவர், சிறுநீர்ப்பையைப் பார்க்கும் குழாய்க் கருவியை இறந்தவரின் முழங்காலுக்குள் செலுத்திப் பார்த்தார். இம்முயற்சிக்கு அவரைத் தூண்டியது எது தெரியுமா? காசநோயால் முழங்கால் இறுகிப்போனவர்கள் தரையில் மண்டியிட்டு அமர முடியாமல் போனதுதான். தரையில் அமர்ந்தே உண்டு, உரையாடி, விருந்தோம்பும் ஜப்பானியருக்கு அது பெருங்குறை. நாற்காலி நாகரிகத்தில் வாழ்பவர்களுக்கு அதன் வலி எளிதில் விளங்காது. தொழுகையின் இருப்பில் அதே போன்று அமரும் நமக்கு நன்றாக விளங்கும். அவருடைய மாணவர் மசாகி வதனபே, இரண்டாம் உலகப் போருக்குப் பின் அக்கருவியை நடைமுறைக்கு ஏற்றதாக்கினார்.

இன்று முழங்காலைச் சுற்றி ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான சில துளைகள் இடப்படுகின்றன. ஒன்றின் வழியே ஒளியும் கேமராவும் செல்கின்றன. மற்றொன்றின் வழியே, சுழன்று சவ்வைச் செதுக்கி உறிஞ்சும் கருவி செல்கிறது. உப்புநீரைச் செலுத்தி மூட்டை விரித்து, ஒவ்வொரு மூலையாகச் சவ்வை எடுக்கிறோம். முழங்காலின் பின்புறம் பெரிய இரத்தக் குழாயும் நரம்பும் செல்வதால் அங்கே மிகுந்த எச்சரிக்கை தேவை. எடுத்த சதை கட்டாயம் பரிசோதனைக்கு அனுப்பப்பட வேண்டும். காசநோயா, கட்டியா, முடக்குவாதமா என்பதை அது சொல்லும். அந்த அறிக்கையைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.

அறுவைக்குப் பின் மறுநாளே மூட்டை அசைக்கத் தொடங்க வேண்டும். வலிக்கிறது என்று காலை நீட்டியே படுத்திருந்தால் மூட்டு இறுகும். பிசியோதெரபி என்பது அறுவையின் பாதி. அதை ஒரு வாரத்தில் நிறுத்திவிடக் கூடாது. இரத்தம் தேங்குதல், சீழ் பிடித்தல், இறுக்கம், மீண்டும் வளர்தல் ஆகியவை நேரக்கூடிய தொல்லைகள். அவற்றை முன்னதாகவே கேட்டுத் தெரிந்துகொள்வது உங்கள் உரிமை.

கத்தியின்றிச் சவ்வை அடக்கும் முறையும் உண்டு. கதிரியக்க மருந்தை ஊசி வழியாக மூட்டுக்குள் செலுத்தினால், அதன் கதிர் சில மில்லிமீட்டர் ஆழம் மட்டுமே சென்று சவ்வைச் சுருங்கச் செய்யும். 1952இல் வியன்னாவில் ஃபெலிங்கர், ஷ்மித் ஆகியோர் கதிரியக்கத் தங்கத்தைக் கொண்டு இதைத் தொடங்கினர். பின்னர் முழங்காலுக்கு இட்ரியம், நடுத்தர மூட்டுகளுக்கு ரீனியம், விரல் மூட்டுகளுக்கு எர்பியம் என்று வகுக்கப்பட்டது. நம் நாட்டின் பாபா அணு ஆராய்ச்சி மையமும் இதற்கான மருந்துகளை உருவாக்கியிருக்கிறது. கத்தி பட்டால் இரத்தம் நில்லாத ஹீமோபிலியா பிள்ளைகளுக்கு இம்முறை பெரும் ஆறுதல். கர்ப்பிணிகளுக்கு இது கூடாது.

ஹீமோபிலியாவுக்கு இரத்தம் உறையச் செய்யும் காரணிகள் தமிழக அரசு மருத்துவமனைகளில் இலவசமாக வழங்கப்படுகின்றன. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் ஐந்து நோயாளிகளுக்கு மரபணு சிகிச்சை அளித்து, இரத்தக் கசிவு நின்றதை 2024ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். இங்கேயும் மருந்து முன்னேறுகிறது, கத்தி ஒதுங்குகிறது.

வழக்கமாகக் கேட்கப்படும் மூன்று கேள்விகள்

“நீரை எடுத்தால் போதாதா?” நீர் என்பது விளைவு, சவ்வே காரணம். குழாய் ஒழுகும்போது தரையைத் துடைத்துக்கொண்டே இருப்பதால் பயனில்லை. முதன்முறை எடுத்த நீரைப் பரிசோதனைக்கு அனுப்பினார்களா என்று கேளுங்கள்.

“சவ்வை எடுத்துவிட்டால் மூட்டுக்கு நீர் எங்கிருந்து வரும்?” சில மாதங்களில் புதிய சவ்வு உருவாகிவிடும். அது நல்ல சவ்வாக நிலைப்பதும், மீண்டும் நோயுறுவதும் நீங்கள் மருந்தைத் தொடர்வதைப் பொறுத்தது. அறுவை ஒரு மூட்டைத் துப்புரவு செய்கிறது. முடக்குவாதம் என்னும் நோயைக் குணப்படுத்துவதில்லை. அறுவை முடிந்தது என்று மாத்திரையை நிறுத்துவது, களை பறித்த வயலை மீண்டும் களைக்கே விட்டுவிடுவதற்குச் சமம்.

“செயற்கை மூட்டு இருக்கும்போது இது எதற்கு?” அறுபத்தைந்து வயதினருக்குச் செயற்கை மூட்டு நல்ல வரம். முப்பது வயதினருக்கு அது பொருத்தப்பட்டால், வாழ்நாளில் மீண்டும் ஒருமுறை மாற்ற வேண்டிவரலாம். இறைவன் தந்த மூட்டைக் கூடியவரை காப்பாற்றிக்கொள்வதே அறிவுடைமை.

சில வேண்டுகோள்கள்

ஒரு மூட்டு ஆறு வாரங்களுக்கு மேல் வீங்கியிருந்தால், காலையில் அரை மணிக்கு மேல் விரல்கள் இறுகியிருந்தால், மணிக்கட்டின் புறத்தே மெத்தென்ற வீக்கம் இருந்தால், மருத்துவரிடம் செல்லுங்கள். காய்ச்சலோடு மூட்டு சட்டென்று வீங்கிச் சூடாக இருந்தால் அன்றே செல்ல வேண்டும்.

பெயர் எழுதப்படாத பொட்டலங்களில் தரப்படும் மூட்டு வலி மாத்திரைகளை உண்ணாதீர்கள். அவற்றில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் வலி மறையும், நோய் உள்ளே வளரும். இரத்தம் கசிந்த மூட்டையும், காசநோய் மூட்டையும் தேய்த்து நீவுவது தீங்கு விளைவிக்கும்.

மெத்தோட்ரெக்ஸேட் முடக்குவாதத்திற்கு வாரம் ஒருமுறை மட்டுமே உட்கொள்ளும் மாத்திரை. மறதியால் அன்றாடம் உண்டவர்கள் உயிருக்கே ஆபத்தான நிலையை அடைந்ததுண்டு. எந்தக் கிழமை என்று மாத்திரை அட்டையின் மீது எழுதி வையுங்கள். இரத்தப் பரிசோதனையும் ஈரல் பரிசோதனையும் தவறாமல் செய்துகொள்ளுங்கள். குழந்தைப் பேற்றை எதிர்நோக்கும் பெண்கள் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். நோன்பு மாதத்தில் தாமாகவே மாத்திரையை நிறுத்திவிடுபவர்கள் உண்டு. வாரம் ஒருமுறை உண்ணும் மாத்திரையை இரவில் உட்கொள்ள இயலும் என்பதால் அதற்குத் தேவையே இல்லை. உங்கள் மருத்துவரிடம் கலந்து பேசுங்கள்.

அறுவை தேவை என்று சொல்லப்பட்டால், செலவை எண்ணி ஒதுங்கிவிடாதீர்கள். அரசு மருத்துவமனையில் செய்யப்படுகிறதா, அரசின் காப்பீட்டுத் திட்டத்தில் இடம் உண்டா என்று முதலில் விசாரியுங்கள். இவ்விசாரிப்பில் உதவ நம் ஜமாஅத்தின் இளைஞர்கள் முன்வர வேண்டும். படிவம் நிரப்பத் தெரியாமல் சிகிச்சை பெறாதவர் நம் முஹல்லாவில் ஒருவர் கூட இருக்கக் கூடாது.

நிறைவாகத் திரைக்கு அப்பால் இருக்கும் தாய்மார்களிடம் ஒன்று சொல்கிறேன். இந்நோய் உங்களையே மிகுதியாகத் தேடி வருகிறது. நீங்களோ அதைச் சொல்லுவதில்லை. சமையலும் பரிமாறலும் முடிந்த பிறகு கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்கிறீர்கள். உங்கள் பிள்ளைகள் கேட்க மறந்தாலும் நீங்கள் சொல்லுங்கள். இங்கே அமர்ந்திருக்கும் ஆண்மக்களே, இன்று வீட்டிற்குச் சென்றதும் உங்கள் தாயாரின் கையை எடுத்து ஒருமுறை பாருங்கள். மணிக்கட்டைத் தொட்டுப் பாருங்கள். விரல்களை நிமிர்த்தச் சொல்லுங்கள். நான் அதைச் செய்ய வேண்டிய நாளில் செய்யவில்லை.

 எல்லாம் வல்ல இறைவன் நம் அனைவருக்கும் நலமான வாழ்வைத் தருவானாக. வஸ்ஸலாம்.